கறி ஆகும்வரை காத்திருந்த பந்தி

காரைக்கால் அம்மையார் கதை என்றால் எல்லாருக்கும் மாம்பழம்தான் ஞாபகம் வரும். சமையற்கட்டில் நடந்ததை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். பசியோடு அடியார் வாசலுக்கு வந்த நேரத்தில் புனிதவதி வீட்டில் சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. கொஞ்சம் பொறுங்கள், கறி இறங்கட்டும் என்று அவர் யாரையும் திண்ணையில் உட்கார வைக்கவில்லை. கணவர் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை எடுத்துச் சோற்றோடு வைத்துப் பரிமாறிவிட்டார். பிறகு நடந்த அற்புதம், அதைக் கண்டு பயந்த கணவர் கப்பலேறியது, பாண்டி நாட்டில் அவருக்கு வேறு கல்யாணம், பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தது, அம்மையாரின் பேயுரு, கைலாயம் எல்லாமே கறிக்காகக் காக்க வைக்காத அந்தப் பரிமாறலில் இருந்து கிளம்பியவை.

இந்தக் கதைக்காகவே ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா எடுக்கிற ஊரில், கறி ஆகும்வரை, ஆன பிறகு சாமி வரும்வரை, சாமி போன பிறகு படையல் முடியும்வரை பந்தியை நிறுத்தி வைக்கிற வீடுகளும் இருக்கின்றன. அப்படியொரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான் இதை எழுதுகிறாள். மாயவரம் பக்கத்துப் பெண். தன் தரப்பைத் தானே எழுதுவதால் கொஞ்சம் சாய்வு இருக்கத்தான் செய்யும். மற்றத் தரப்பு கடந்த சில ஆண்டுகளாக எல்லாக் கல்யாண வீட்டிலும் எல்லாக் காரியத்திலும் சொல்லப்பட்டுவிட்டதால், இது ஒன்றும் அநியாயமில்லை.

முதலில் ஊர். காரைக்காலில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விருந்தாளி வரும் காலம், வராத காலம் என்று பிரிவு கிடையாது. மேற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் திருநள்ளாறு. ஏழரை பிடித்த சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் சனிக்கிழமை காலையில் நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்ட கையோடு காரைக்கால் வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு, 'ஒண்ணும் வேண்டாம், காப்பி மட்டும் போதும்' என்பார்கள். பத்தரை மணிக்குக் காப்பி கேட்பவர் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்கு இருப்பார் என்பது இங்கே வாழ்க்கைப்பட்ட முதல் மாதத்திலேயே புரிந்துபோகிற பாடம். சனிப்பெயர்ச்சி வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். 2020 டிசம்பர் 27, 2023 டிசம்பர் 20 என்று அந்தத் தேதிகள் இந்த வீட்டு மளிகைக் கணக்கு நோட்டில் சிவப்பு மையில் இருக்கின்றன. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர் தர்கா, அதற்கும் தெற்கே வேளாங்கண்ணி. மூன்று மதத்துப் புண்ணியத்துக்கும் நடுவில் இந்த அடுப்பு எரிகிறது. புதுச்சேரி விலைக்குச் சரக்கு வாங்க வருகிற உறவுக்காரர்கள் தனி ரகம். அவர்கள் சாப்பிட உட்காருவதில்லை என்பதால் இந்தக் கட்டுரையில் அவர்களுக்கு இடமில்லை.

இதற்கெல்லாம் மேலே பிரான்ஸ் சொந்தம். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதற்கு வழி விடப்பட்டது. அப்படி வைத்துக்கொண்டவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் மாங்கனித் திருவிழாவுக்கு வருவார்களா என்று தொலைபேசியில் கேட்டுப் பயனில்லை, பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே தெரியும். பிரான்ஸில் பள்ளிக்கூடம் ஜூலை முதல் வாரத்தை ஒட்டித்தான் அடைக்கிறார்கள். ஆனிப் பௌர்ணமி ஜூன் கடைசியில் விழுந்தால் யாரும் வர மாட்டார்கள். 2024இல் ஜூன் 21ஐ ஒட்டி வந்தது, வீடு காலியாக இருந்தது. 2025இல் ஜூலை 10, மாடியில் பாய் விரிக்க இடமில்லை. இந்தக் கணக்கை இதை எழுதுகிறவள் கண்டுபிடித்தாள், வீட்டில் அது வேறொருவர் பெயரில் புழங்குகிறது.

திருவிழா நடக்கும் முறை ஊருக்கே தெரிந்ததுதான், வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாக: மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கும். மறுநாள் புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம். அதற்கு மறுநாள் சிவபெருமான் பிச்சாண்டவராக, கையில் ஓடு ஏந்திப் பவளக்கால் சப்பரத்தில் வீதியுலா கிளம்புவார். வேண்டுதல் நிறைவேறியவர்கள் மாடியில் இருந்தும் கூரையில் இருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் வேட்டியை விரித்தும், முந்தானையை ஏந்தியும், குடையைத் தலைகீழாகப் பிடித்தும் அதைப் பிரசாதமாக வாங்கிக்கொள்வார்கள். குழந்தை வரம் கேட்டு வந்தவர்கள் முண்டியடிப்பார்கள். சாயங்காலம் சப்பரம் பாரதியார் சாலையில் அம்மையார் கோயிலை நெருங்கும்போது அம்மையார் எதிர்கொண்டு அழைத்துப்போய் மாங்கனியோடு அமுது படைப்பார். காரைக்காலில் அன்றைக்கு உள்ளூர் விடுமுறை.

(மாப்பிள்ளை உபசாரம் இந்தக் கரையோரத்துக்குப் புதிதல்ல. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வரும்போது மீனவர்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே வரவேற்கிறார்கள். சாமியையே காக்க வைக்காமல் கவனிக்கிற ஊர் இது என்பதைச் சொல்லத்தான் இந்த அடைப்புக்குறி.)

கவனிக்க வேண்டியது சப்பரத்தின் வேகம். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு நிற்கும். பட்டும் மாங்கனியும் வைத்து அர்ச்சனை செய்கிறவர்கள் உண்டு. காலையில் புறப்படும் சாமி கோயிலை அடையச் சாயங்காலம் ஆகிவிடும் என்றால், இடையில் இருக்கிற ஒரு வாசலுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 'பதினொன்றுக்கு வந்துடும்' என்று கூடத்து நாற்காலியில் இருந்தபடி சொல்கிறவரை நம்பவே கூடாது.

2022இல் அப்படிச் சொன்னவர் வீட்டுக்குப் பெரியவர், மாமனாருக்கு அண்ணன்.

அந்த ஆண்டு கூட்டத்துக்குக் காரணம் இருந்தது. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் விழா கோயிலுக்கு உள்ளேயே முடிந்தது. வீதியுலாவும் இல்லை, மாங்கனி இறைப்பும் இல்லை. 2022இல் ஜூலை 13 என்று தேதி வந்ததும், விட்டுப்போன இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து உறவு திரண்டது. பிரான்ஸில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டிருந்தது. மறுநாள் ஜூலை 14, பிரான்ஸின் தேசிய நாள். அதற்காகப் புதுச்சேரி போக வேண்டியவர்களும் முதல் நாள் இங்கே இறங்கிவிட்டார்கள். திருவாரூர் அத்தை, கும்பகோணத்துச் சித்தப்பா குடும்பம், சென்னையில் இருந்து கொழுந்தன்மார். முற்றம், தாழ்வாரம், ரேழி எங்கும் செருப்பு.

பெரியவர் இரண்டு முடிவுகள் எடுத்தார். ஒன்று, பதின்மூன்று வகை. இத்தனை நாள் கழித்துக் கூடுகிறோம், பருப்பு, நெய், மாங்காய்ப் பச்சடி, எரிசேரி, அவியல், வாழைக்காய், மோர்க்குழம்பு என்று இலை நிறைய இருக்க வேண்டும் என்று சமையற்காரரிடம் சொல்லிவிட்டார். இரண்டாவது, சாமி வாசலைத் தாண்டி, வீட்டில் படையல் போட்ட பிறகுதான் பந்தி. முதல் முடிவால் செலவுதான் ஆனது. இரண்டாவது முடிவால் ஒரு உறவே போனது.

காலை எட்டரைக்கே அடுக்களையில் தயிர்சாதம் தயார். வடுமாங்காய் ஒரு ஜாடி நிறைய. மாம்பழம் அறுத்துத் தாம்பாளத்தில் வைத்தாயிற்று. மருமகள், அதாவது இதை எழுதுகிறவள், தயிர்சாதத்தை யாரையும் கேட்காமல் பிசைந்து வைத்திருந்தாள். குழந்தைகள் இருக்கிறார்கள், வயதானவர்கள் இருக்கிறார்கள் என்ற சாதாரணக் கணக்கில்தான். எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வரும்போதே பெரியவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். பதினொன்று ஆயிற்று. சப்பரம் தெருமுனையிலும் இல்லை. பன்னிரண்டு. சமையற்காரர் ஒன்பதாவது வகையில் இருந்தார். பிரான்ஸ் குழந்தைகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும்.

திருவாரூர் அத்தைக்குச் சர்க்கரை வியாதி. காலையில் இட்லி ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, பத்து மணிக்குச் சோறு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் மாத்திரையை விழுங்கியிருந்தார். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் இந்த வீட்டில் பத்து மணிக்கே முதல் பந்தி நடக்குமாம். அவர் அப்பா, அதாவது இந்த வீட்டைக் கட்டியவர், பசித்தவனை உட்கார வைத்துக்கொண்டு மணி அடிப்பது பூஜையில்லை என்று சொல்வாராம். இதை அத்தையே சொல்லித்தான் தெரியும். பெரியவருக்கு மட்டும் அப்படி எதுவும் ஞாபகமில்லை.

"பெரிய மாமா, அத்தை மாத்திரை போட்டிருக்காங்க. ஒரு கிண்ணம் தயிர்சாதம் மட்டும் கொடுத்துடட்டுமா?"

"சாமி வாசலுக்கு வரல, படையல் ஆகல. அதுக்குள்ள எச்சில் பண்றதா? இந்த வீட்டுல அப்படிப் பழக்கம் இல்லம்மா."

ஒன்றரை மணி இருக்கும். அத்தை தூணில் சாய்ந்தபடியே சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குப் பதில் குழறல். பிரான்ஸில் இருந்து வந்திருந்த நாத்தனார் நர்ஸ் வேலை பார்த்தவர். கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சர்க்கரைத் தண்ணி, சீக்கிரம்!" என்றார். மூன்று சின்னக் கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்ததும், கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

இதை நிதானமாகச் சொல்லக் காரணம், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அத்தை இருப்பார். சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தச் சர்க்கரையை அபாயமாகக் கீழே இறக்கிவிடும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. நினைவோடு இருப்பவருக்கு உடனே 15 கிராம் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, சரியானதும் சோறு கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும். விருந்து வீட்டில் பலகாரத்துக்குக் குறைவிருக்காது, இது மட்டும் தெரியாமல் இருக்கும்.

அத்தை தெளிந்து எழுந்து உட்கார்ந்தபோது சப்பரம் தெருவுக்குள் திரும்பியது. எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள். மாம்பழம் பறந்தது. அத்தை மட்டும் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புற வழியாக இறங்கினார். "எங்கப்பா கட்டுன வீட்டுல ஒரு பிடி சோத்துக்கு நேரம் பாக்க வேண்டியதாப் போச்சு" என்று மருமகளிடம் சொன்னார். மருமகள் மேல் கோபமில்லை என்பதற்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதே சாட்சி. ஆனால் சாட்சிக்கு அங்கே வேறு யாரும் இல்லை. பதின்மூன்று வகை இலையில் விழுந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பசி செத்த வாய்க்கு எரிசேரியும் ஒன்றுதான், அவியலும் ஒன்றுதான். பாதிக்கு மேல் மிஞ்சியது.

அதன்பிறகு அத்தை அந்த வாசலை மிதிக்கவில்லை. அவர் பேத்தி கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. தஞ்சைப் பக்கம் பிறந்தகத்துக்குத் தபாலில் பத்திரிகை அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. உறவுக்குள் பெரியவர் பரப்பிய கதை வேறு: "அக்காவை மருமக கவனிக்கல." கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் மேல் அந்தப் பழி.

ஆகவே, படையல் பற்றி. சாமிக்கு முன்னால் மனிதர் சாப்பிடக் கூடாது என்பவர்களோடு சண்டை போட வேண்டியதே இல்லை. சாதம் வடித்ததும், உப்புப் பார்ப்பதற்கு முன்பே, படையலுக்கு வேண்டியதைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடிப் பூஜை அறையில் வைத்துவிட்டால் முடிந்தது. சாமி பங்கு சாமிக்கு, மிச்சம் பசித்தவர்களுக்கு. இந்த வழி எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அப்படியும் மறுப்பவர்களிடம் பெரியபுராணத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். அடியார்க்கு வைத்ததே ஆண்டவனுக்கு வைத்தது என்பதுதான் அங்கே கதை. வீட்டில் அந்தப் புத்தகம் பட்டுத்துணி சுற்றி இருக்கிறது, வருஷத்தில் ஒரு நாள் பொட்டு வைக்க மட்டும் எடுக்கிறார்கள்.

இதில் பக்கத்து மரைக்காயர் வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். காரைக்கால் மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரிக்கு அவர்கள் வீட்டிலும் இதே கூட்டம். ஆனால் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் சேர்ந்ததும் சோறு வந்துவிடும். அந்த நாலு பேர் கை கழுவ எழுந்தால் அடுத்த நாலு பேர். வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்புகிறார், அதுதான் அவர் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து மணி சொல்வதில்லை.

தயிர்சாதத்துக்கு வருவோம். ஆனி வெயிலில் காலையில் தயிர் ஊற்றிப் பிசைந்தால் பதினொன்றுக்குள் புளித்துவிடும். சாதத்தைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, ஆறவைத்த பாலைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்து, கடைசியில் கெட்டித் தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்க்க வேண்டும். மதியத்துக்குள் அதுவே உறைந்து தயிர்சாதமாகிவிடும். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்தது போதும். மாதுளை, திராட்சை, முந்திரி எல்லாம் கல்யாண மண்டபத்து வேலை. அளவுக்கு, மற்றக் கறிகள் இருக்கிற விருந்தில் கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டால் தப்பாது. மொத்தத்தையும் ஒரே அண்டாவில் வடிக்காமல், இரண்டாவது உலைக்குத் தண்ணீர் வைத்து அரிசியைக் களைந்து வைத்திருங்கள். திருநள்ளாறு கூட்டம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மாம்பழம் வாங்கும்போது இரண்டு கூடையாகப் பிரித்துவிட வேண்டும். இறைக்கிற பழம் வேறு, இலையில் வைக்கிற பழம் வேறு. இறைப்பதற்குச் சிறிய, கொஞ்சம் கெட்டியான பழம். கனிந்த பங்கனப்பள்ளியை மாடியிலிருந்து விட்டால் கீழே இருப்பவர் சட்டையில்தான் போய்ச் சேரும். காயாகவும் இருக்கக் கூடாது, மண்டை உடையும். குறிபார்த்து எறிவது கூடாது, மேல்நோக்கித் தூக்கிப் போட வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருக்கிற வீடுகளில் குழந்தைகளை ஓரத்துக்கு விடாதீர்கள். இந்த ஊர்ப் பழைய மாடிகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன.

இலைக்கான பழத்தில்தான் ஏமாற்று. ஆனிக் கடைசியில் பங்கனப்பள்ளி ஓயும் நேரம், நீலம் வரும் நேரம். திருவிழாத் தேவை அதிகம் என்பதால் கல் வைத்துப் பழுக்க வைத்த சரக்கும் நுழைந்துவிடுகிறது. கால்சியம் கார்பைடு கல்லில் இருந்து கிளம்பும் அசிட்டிலீன் வாயுவால் பழுத்த பழங்களை விற்பதற்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவுவரை பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்திருக்கிறது, அது வேறு. கல் வைத்த பழம் பார்வைக்கு முழுக்க ஒரே மஞ்சளாக இருக்கும், காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசமே இருக்காது, அறுத்தால் கொட்டையை ஒட்டி வெளுத்துப் புளிக்கும். ஒரு வியாபாரி 2022இல் இந்த வீட்டுத் தலையில் கட்டிய கூடை அப்படித்தான் இருந்தது. வாங்கிவந்தவர் பெரியவருடைய மகன், முகர்ந்து பார்ப்பது கௌரவக் குறைவு என்று நினைக்கிறவர். இப்போது பழம் வாங்கப் போவது இதை எழுதுகிறவள். விழாவுக்கு நாலைந்து நாள் முன்பே செங்காயாக வாங்கி வைக்கோலில் புதைத்துவிடுகிறாள். அறுப்பதற்கு முன் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டுக் காம்புப் பாலைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உதடு வெந்துவிடும். நீலத்தை முழுசாக இலையில் வைக்காதீர்கள். வெளியே ஓட்டை தெரியாமல் உள்ளே கொட்டையில் வண்டு உட்கார்ந்திருக்கும் ரகம் அது. விருந்தாளி கையில் அது பறக்க வேண்டாம். அறுத்துப் பார்த்தே வையுங்கள்.

மற்றதெல்லாம் வழக்கமான ஏற்பாடுதான். இலை முதல் நாளே வந்துவிட வேண்டும், தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும், கழிவறைக்கு வாளி இரண்டு கூடுதலாக. சாயங்காலப் பலகாரத்துக்கு வீட்டில் எண்ணெய் காய்ச்ச வேண்டாம். கடைத்தெருவில் இறால் ஒட்டிய வாடா சுடச்சுடக் கிடைக்கும். விழா நாளில் அசைவம் தொடாதவர்களுக்கு வெங்காய வாடா. பிரான்ஸ் குழந்தைகளுக்கு இது பிடித்த அளவுக்கு அந்தப் பதின்மூன்று வகையில் எதுவும் பிடிக்கவில்லை.

மறுநாள் மீன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஆனிப் பௌர்ணமி எப்போதும் அதற்குப் பிறகுதான் வருகிறது, விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கும். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேட்டுப் பெண்கள் கூடையோடு வாசலுக்கே வருவார்கள். முந்தின நாள் மிஞ்சிய மாங்காயை நாலு கீற்றுப் போட்டுச் சங்கரா மீன் குழம்பு வைத்தால் வகை கேட்க ஆளிருக்காது. சோறு, குழம்பு, அவ்வளவுதான். இரண்டு நாளில் எது உண்மையான விருந்து என்று கும்பகோணத்துச் சித்தப்பாவைக் கேட்டால் மறுநாள் என்றுதான் சொல்வார். அவர் சைவம் என்று சொல்லிக்கொள்கிறவர் என்பதால் பெயர் வேண்டாம்.

2023 முதல் இந்த வீட்டில் எட்டரைக்கு முதல் பந்தி. மருமகள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சாமிக்கு எடுத்து வைத்துவிட்டுக் கூடத்தில் இலையைப் போட்டுவிட்டாள். அந்த வருஷம் பெரியவர் மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த வருஷம் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். இப்போது முதல் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான். உப்புக் குறைவு என்கிறார். உப்பு சரியாகத்தான் இருக்கிறது. அவருக்கும் சர்க்கரை வந்துவிட்டதாகக் கேள்வி. பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது பந்தி, ஐந்தே வகை. சாமி எத்தனை மணிக்கு வந்தாலும் அடுப்படியில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, வந்தால் எல்லாரும் வயிறு நிறைந்து போய்க் கும்பிடுகிறார்கள். திருவாரூருக்கு மருமகள் ஒவ்வொரு வருஷமும் நேரில் போய் அழைக்கிறாள். அத்தை காப்பி கொடுக்கிறார், வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

இந்த வருஷம் காரைக்காலில் எந்த வீட்டுக்கு மாங்கனித் திருவிழாவுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் ஒரு விண்ணப்பம். கையில் மாம்பழம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த வீட்டில் அன்றைக்குத் தடுக்கி விழுந்தால் மாம்பழம்தான். தயிர்தான் பதினொரு மணிக்குத் தீர்ந்துபோகிறது. ஒரு தூக்குவாளி கெட்டித் தயிர் கொண்டுபோங்கள்.